பத்துப் படியும் ஆறு ஸ்டேஷனும்: ஹிப்னோதெரபியோடு இரண்டேகால் வருடம்

கோத்தகிரியில் இருக்கும் தோழி போன வாரம் எடை குறைக்கும் ஹிப்னோதெரபி விளம்பரம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "நீ போன இடம் இதுதானேடி? இப்போ 9,000தானாம். சேரட்டுமா?" நான் கட்டியது 15,000. அதே ஆறு சிட்டிங், அதே ஒலிப்பதிவு, அநேகமாக அதே சாய்வு நாற்காலி. உடனே பதில் போட வேண்டாம் என்று இரண்டு நாள் ஆறப்போட்டேன். ஆறவில்லை. அதனால் இது கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

முதலில் என் கதை. வயது 52. குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலைக் கணக்கு எழுதுகிறேன். சேரும்போது எடை 81 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3. "6.5 வந்தால் மாத்திரை" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பசி ஒரு பிரச்சினையே இல்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, நானும் முடித்து, பாத்திரம் ஒழிக்கும்போது குக்கரின் அடியில் ஒரு பிடி சோறு இருக்கும். சட்டியில் ரெண்டு கரண்டி குழம்பு இருக்கும். வீணாகிறதே என்று நின்றபடியே பிசைந்து வாயில் போட்டுக்கொள்வேன். அந்த ஒரு பிடி எப்போது இன்னொரு தட்டுச் சாப்பாடாக மாறியது என்று எனக்கே தெரியாது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நாட்களில் இன்னும் மோசம். இதை உணவுப் பட்டியல் கொடுத்தவர்களிடம் சொன்னால் "இரவில் இரண்டு சப்பாத்தி" என்றார்கள். இரண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன். அதன்பிறகு குக்கர்.

ஹிப்னோதெரபி என்றால் கடிகாரத்தை ஆட்டித் தூங்கவைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கோயம்புத்தூரில் முதல் சிட்டிங் முடிந்ததும், "சார், எனக்குத் தூக்கமே வரவில்லை, வெளியே ஹார்ன் சத்தம்கூடக் கேட்டது, பலிக்கவில்லை போல" என்றேன். சிகிச்சை கொடுத்தவர் சிரித்துவிட்டு ஜேம்ஸ் பிரெய்டு கதையைச் சொன்னார். 1840களில் மான்செஸ்டரில் இருந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அவர். கிரேக்கர்களுடைய தூக்கக் கடவுளின் பெயரிலிருந்து இந்த வார்த்தையைப் பிரபலமாக்கினார். அப்புறம் இது தூக்கமே இல்லை என்று தெரிந்து, மனம் ஒரே எண்ணத்தில் நிற்பது என்ற பொருளில் வேறு பெயர் வைத்துப் பார்த்தார். யாரும் ஏற்கவில்லை, பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, ஒன்றில் தண்ணீர் வாளி, இன்னொன்றில் பலூன் என்று நினைக்கச் சொன்னபோது வாளிக் கை நிஜமாகவே ஒரு சாண் இறங்கியிருந்தது. சரி, நமக்கு இது பலிக்கும் என்று நம்பித்தான் மிச்சப் பணத்தையும் கட்டினேன்.

இனி, அந்தப் பத்துப் படி.

22 நிமிட ஒலிப்பதிவு. தினமும் படுக்கும் முன் ஹெட்போன் போட்டுக் கேட்க வேண்டும். மூச்சை இழுத்து விடச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பார்: "இப்போது உங்கள் முன்னால் பத்துப் படிகள். ஒவ்வொரு படியாக இறங்குகிறீர்கள். இறங்க இறங்க உடல் லேசாகிறது. பத்து... ஒன்பது..." கடைசிப் படியில் ஒரு கடற்கரை. வெதுவெதுப்பான மணல். அலை வந்து காலை நனைக்கும்.

என் வீடு ரோட்டிலிருந்து 84 படி கீழே இருக்கிறது. மலையில் வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேஸ் சிலிண்டர் அந்த 84 படி இறங்கித்தான் வரும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அதே 84 படி நாற்காலியில் தூக்கித்தான் ஏற்றினோம். மழைக்காலத்தில் பாசி பிடித்த பதினேழாவது படியில் நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். அந்தாள் இறங்கு என்று சொன்ன மாத்திரத்தில் என் முட்டி இறுகும். கை பக்கத்துச் சுவரைத் தேடும். லேசாவதாவது! அதைவிட, இறங்கினால் ஏறியாக வேண்டுமே என்ற நினைப்பு வேறு. முதல் மூன்று வாரம் நான் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேரவே இல்லை. நடுப் படியில் நின்றுகொண்டு மறுநாள் இலை லாரியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சிட்டிங்கில் சொன்னேன். "அப்படியா, அப்போ ஏறுவதாக வைத்துக்கொள்ளலாம்" என்று அங்கேயே மாற்றினார். ஏழாவது படியில் மூச்சு வாங்கியது. எட்டாவது படியில் பசித்தது. பொய்யில்லை. வேலை முடிந்து 84 படியில் இறங்கி, மறந்த பையை எடுக்கத் திரும்ப ஏறி இறங்கினால் என்ன பசிக்குமோ அந்தப் பசி. திரும்பி வரும் பஸ் பர்லியாறில் நின்றபோது இரண்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். எடைக் குறைப்பு சிகிச்சை முடிந்து வரும் வழியில்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பொறுமையான மனிதர், அதட்டியதில்லை, "மனக்கட்டுப்பாடு இல்லையா உங்களுக்கு" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி அது. ஆனால் அவர் கையில் இருந்த துணி வேறு யாருக்கோ வெட்டியது. விரல் விஷயத்தையும் பாருங்கள். மனம் நன்றாக அமைதியானதும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்வார். பிறகு எப்போது அழுத்தினாலும் அந்த அமைதி வரும், "போதும்" என்று தோன்றும் என்பது ஏற்பாடு. ஸ்பூனில் சாப்பிடுகிற ஊருக்கு அது சரி. நாம் சோற்றைப் பிசைந்து எடுக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் அந்த விரல்கள்தானே சேர்கின்றன? முதல் கவளத்திலேயே "போதும்" வர வேண்டும், இல்லையென்றால் எதற்குமே வரக்கூடாது. நாலு நாள் குழம்பிவிட்டு போனில் கேட்டேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம், "இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இத்தனை வருடம் இத்தனை பேரில் இதை யாருமே கேட்கவில்லையா?

எங்கள் மலைப் பேக்கரிகளின் மொறுமொறு வர்க்கிக்கும் ஒரு சண்டை நடந்தது. பிடித்த பண்டத்தின் மேல் அருவருப்பை ஏற்றுவது என்று ஒரு முறை இருக்கிறதாம். எது ரொம்பப் பிடிக்கும் என்றார். வர்க்கி என்றேன். கண்ணை மூடச் சொல்லி, அந்த வர்க்கியைப் பிட்டால் உள்ளே கரப்பான் என்று ஆரம்பித்தார். கண்ணைத் திறந்துவிட்டேன். விறகு அடுப்பில் சுட்ட வர்க்கியைச் சாயங்காலக் குளிரில் டீயில் நனைத்து, அது ஊறி உடைவதற்கு ஒரு நொடி முன்னால் வாயில் போடுகிற சுகத்தைக் கெடுத்துக்கொண்டு 74 கிலோ ஆவதைவிட நான் 81லேயே இருந்துவிடுவேன். அதைச் சொல்லியும்விட்டேன். அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு எப்படி வேலை செய்தது என்றால், ஒருநாள் நானாகவே படியை விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

சின்ன வயதில் அப்பாவோடு மலை ரயிலில் மேட்டுப்பாளையம் பாட்டி வீட்டுக்குப் போவோம். ஒலிப்பதிவில் அவர் "பத்து" என்னும்போது நான் குன்னூர் ஸ்டேஷன். எட்டு, ரன்னிமேடு. ஆறு, ஹில்குரோவ், அங்கே ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றுவேன். நான்கு, ஆடர்லி, ஸ்வெட்டர் மடியில். காது அடைத்துத் திறக்கும். இரண்டு, கல்லாறு, பாக்குத் தோப்பு, பல்சக்கரத் தண்டவாளம் முடிந்து வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். ஒன்று, மேட்டுப்பாளையம். அவர் அலை என்று சொல்வதை நான் பவானி ஆறு என்று எடுத்துக்கொண்டேன். கால் நனைந்தது. இறங்கியது நான் இல்லை, வண்டி. அதனால் முட்டிக்கு வேலை இல்லை. முதல் முறையாக உடம்பு தளர்ந்தது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முடித்துக் கண் திறந்தபோது கன்னத்தில் ஈரம் இருந்தது, எதற்கென்று கேட்காதீர்கள்.

அந்த வண்டியில் இறக்கத்தில் எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு போகும். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கைப்பிடியைச் சுற்றுவார். இடது கை விரலை அழுத்துவதை நான் அந்த பிரேக்காக வைத்துக்கொண்டேன். குக்கருக்கு முன்னால் நின்று விரலை அழுத்தினால், நிஜமாகவே ஒரு கணம் எல்லாம் மெதுவாகும். அந்த ஒரு கணம் போதும், மூடியைப் போட்டுவிடலாம். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிடுவேன். காலையில் பழைய சோறு. வீணாகவும் இல்லை.

ஏழு மாதத்தில் 74 கிலோ. சர்க்கரை 5.9. பகல் சாப்பாட்டில் நான் எதையும் மாற்றவில்லை, வர்க்கியையும் விடவில்லை. நின்றுகொண்டு தின்பது மட்டும் போயிற்று.

நிலைத்ததா? முழுசாக இல்லை. போன டிசம்பரில் குளிர் அதிகம், ஹெட்போனைத் தேட கம்பளியிலிருந்து கையை எடுக்கவே மனமில்லை. மூன்று வாரம் கேட்கவில்லை. ஜனவரியில் படுகர்களின் ஹெத்தை பண்டிகைக்குப் பக்கத்து ஹட்டியில் (அவர்கள் ஊரை அப்படித்தான் சொல்வோம்) விருந்து முடித்துவிட்டு வந்த அன்று இரவு குக்கர் முன்னால் என்னைப் பிடித்தேன், கையில் கரண்டி. இப்போது 76. ஒரு தடவை பூட்டிவிட்டால் தானாக இருக்கும் பூட்டு இல்லை இது. தினமும் பல் தேய்ப்பதுபோல. விளம்பரத்தில் இந்த வரி கிடையாது.

விளம்பரம் என்றதும் ஞாபகம். அவர்கள் கொடுத்த நோட்டீஸில், உளவியல் சிகிச்சையோடு ஹிப்னாஸிஸ் சேர்த்தால் எடை நன்றாகவே கூடுதலாகக் குறையும் என்று ஆராய்ச்சி சொல்வதாகப் போட்டிருந்தார்கள். என் தங்கை மகள் மனநலம் படிக்கிறாள். அவள்தான் தேடிச் சொன்னாள்: 1995ல் அமெரிக்காவில் பழைய ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து அப்படி ஒரு கட்டுரை வந்தது உண்மை. அடுத்த வருடமே வேறு இருவர் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, கூட்டலில் தவறுகளைக் கண்டுபிடித்தார்கள், பலன் ரொம்பச் சிறிதாகிவிட்டது. முதல் கட்டுரை இன்னும் நோட்டீஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு 15,000த்தைவிட இது அதிகம் உறுத்தியது.

அப்புறம், வாரக் கடைசியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்களும் இதே பலகையை மாட்டிக்கொள்கிறார்கள். போவதாக இருந்தால் அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். நான் போனவர் பதிவு செய்தவர், அதை மறைக்கக் கூடாது. தின்றதை வாந்தி எடுக்கிற அளவுக்கு, இல்லை யாருக்கும் தெரியாமல் ஒளிந்து அடக்க முடியாமல் தின்கிற அளவுக்குப் போனவர்கள் இங்கெல்லாம் வராமல் நேரே மனநல மருத்துவரிடம் போவதுதான் சரி. என்னுடையது வெறும் குக்கர் வியாதி.

தோழிக்கு இன்று காலை பதில் போட்டுவிட்டேன். "சேராதே." அவள் உடனே கூப்பிட்டாள். "உனக்கு அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு, சர்க்கரை இறங்கியிருக்கு, என்னை மட்டும் வேண்டாம்னா என்ன நியாயம்?" நியாயமில்லைதான். 6,000 ரூபாய் வித்தியாசம் இருக்கும்வரை என்னிடம் நியாயம் கேட்காதே என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஒலிப்பதிவை அவள் போனில் ஏற்றிக் கொடுப்பேன். நடுநடுவே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், தன் பெயராக நினைத்துக்கொள்ளட்டும். கோத்தகிரிக்கு ரயில் கிடையாது. பத்துப் படிக்குப் பதிலாக எதில் இறங்குவது என்று அவள்தான் யோசிக்க வேண்டும். 84 படி இறங்கி வருகிறாளே என்று டீக்கு வர்க்கி சொல்லி வைத்திருக்கிறேன், அரைக் கிலோ.