பிளாஸ்டிக் கையா, கணினி மேனிகினா, நடிக்கும் நோயாளியா?

நோயாளியைத் தொடும் முன்பே நர்சிங் மாணவர்களுக்குக் கைப்பழக்கம் வர வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1911-லேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கு மார்த்தா சேஸ் ஓர் ஆளுயரப் பொம்மை செய்து கொடுத்தார். இன்று ஸ்கில் லேப் (செய்முறை பழகும் கூடம்) அமைக்கும் கல்லூரிகள் முக்கியமாக மூன்று வழிகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: கை போன்ற உடலுறுப்பு மாதிரிகள், கணினியால் இயங்கி பல்ஸ், பி.பி. காட்டும் மேனிகின் என்ற ஆளுயரப் பொம்மை, நோயாளியாக நடிக்கும் மனிதர்.

ஊசி போட, ஐ.வி. கேனுலா (ரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) ஏற்ற, கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) செருகப் பழக உடலுறுப்பு மாதிரிகளே போதும். விலை குறைவு, திரும்பத் திரும்பக் குத்தலாம். இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும் சி.பி.ஆருக்கும் அப்படித்தான்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம். இதை அளந்து காட்டும் அரை உடல் பொம்மை இருந்தால் சரி. இதற்காகப் பெரிய மேனிகின் வாங்குவது வீண் செலவு.

அந்த மேனிகினின் இடமே வேறு. அறுவை சிகிச்சை முடிந்து வந்த நோயாளிக்கு உள்ளே ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பல்ஸ் ஏறும், பி.பி. இறங்குவது பிறகுதான். மானிட்டரில் பல்ஸ் 88-லிருந்து 124-க்குப் போவதை மாணவி கவனிக்கிறாரா? டாக்டரை எப்போது அழைக்கிறார், என்ன சொல்லி அழைக்கிறார்? நிஜ வார்டில் நிலைமை இப்படி மோசமானால் சீனியர்கள் மாணவியை ஓரம் நிற்கச் சொல்லிவிடுவார்கள், அது நியாயமும்கூட. ஆகவே இந்த அனுபவத்தைப் பாதுகாப்பாகக் கொடுக்க மேனிகின் நல்ல வழி. ஆனால் பராமரிப்பு உண்டு, இயக்க ஆள் வேண்டும், ஒரு நேரத்தில் சிலர்தான் செய்ய முடியும்.

வலியில் முகம் சுளிப்பது, மாத்திரை வேண்டாம் என்று அடம் பிடிப்பது, பயத்தை மறைத்துக்கொண்டு பேசுவது எல்லாம் மனிதரால்தான் முடியும். பயிற்சி பெற்றவரை நோயாளியாக நடிக்க வைக்கும் முறையை 1963-இல் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கினார். நடிப்பவர் கையில் ஊசி குத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவர் கையோடு ஒரு பிளாஸ்டிக் கையைக் கட்டிவிட்டால், பேசிக்கொண்டே ஊசி போடும் வேலையை மாணவி முழுதாகச் செய்து பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பேச்சு ஓரிடத்தில், ஊசி வேறோரிடத்தில் என்று வார்டில் எந்த வேலையும் பிரிந்து வருவதில்லையே!

இந்த மூன்றும் போக, கணினிக் காட்சியை நேரில் இருப்பதுபோல் காட்டும் வி.ஆர். கண்ணாடியும் உண்டு. எதற்குப் பின் எதைச் செய்வது என்று யோசிக்கும் வரிசையை அது பழக்கும். விரலுக்குத் தொடு உணர்வைக் கொடுப்பதில் இன்னும் பின்தங்கியே இருக்கிறது.

அப்படியென்றால் வார்டு நேரத்தைக் குறைக்கலாமா? அமெரிக்காவில் 2014-இல் வெளியான தேசிய ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக (இப்படிப்பட்ட செயற்கைச் சூழல் பயிற்சியாக) மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சியில் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டியது. பலர் அந்தப் ‘பாதி’ என்ற கணக்கை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி இருந்தது, ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் முறையான டிப்ரீஃபிங் (செய்ததைத் திரும்பிப் பார்த்துப் பேசுவது) இருந்தது.

பணம் குறைவென்றால் என் வரிசை இதுதான்: முதலில் உறுப்பு மாதிரிகள், அடுத்து நடிப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி, அப்புறம் மேனிகின். டிப்ரீஃபிங் நடத்தத் தெரிந்தவர் வரும்வரை மேனிகினுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.