சிறுநீரகமா, மூட்டா, மண்ணா? வயதான பூனை லிட்டர் பாக்ஸை விட்டு வெளியே போகும்போது

எங்கள் வீட்டுக் கடுவன் மிளகுக்கு 13 வயது. குட்டியாக வந்த நாளிலிருந்து லிட்டர் பாக்ஸைத் தவிர, அதாவது லிட்டர் என்கிற மண்ணைக் கொட்டிவைத்த கழிப்பறைப் பெட்டியைத் தவிர, வேறெங்கும் போனதில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால், பாக்ஸுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்த மிதியடி நனைந்திருந்தது. மறுநாளும் அப்படித்தான்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. ‘கொழுப்பு, வேறென்ன’ என்றார் அம்மா. லிட்டர் பிடிக்கவில்லை என்றான் தம்பி. எனக்கு, வயதாகி மறந்துவிட்டான் என்று தோன்றியது. மூன்று வாரத்தில் மூன்று வகை லிட்டர் வாங்கி மாற்றிய பிறகுதான், எங்கள் மூன்று தீர்ப்புமே தப்புக் கணக்கு என்று தெரிந்தது. ஒவ்வொரு காரணமும் எப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று அப்போது தெரிந்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

கொழுப்பை முதலில் தள்ளிவிடலாம். பூனை பழிவாங்குவதற்காக மிதியடியை நனைப்பதில்லை. அடித்தாலோ, மூக்கைக் கொண்டுபோய் ஈரத்தில் தேய்த்தாலோ, அடுத்த முறை நம் கண்ணில் படாத மூலையாகத் தேடிப் போகும், அவ்வளவுதான்.

அடுத்து, சிறுநீரகமா, சிறுநீர்ப்பையா? இரண்டுக்கும் பெயர்தான் பக்கத்தில்; அடையாளம் நேரெதிர். சிறுநீர் பட்டதும் கட்டி பிடிக்கும் லிட்டர் என்றால் அள்ளும்போதே கண்டுபிடிக்கலாம். எலுமிச்சை அளவில் இருந்த கட்டி சாத்துக்குடி அளவாகிவிட்டதா? தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிறதா? அப்படியானால் சந்தேகம் சிறுநீரகத்தின் மேல். சர்க்கரை நோய்க்கும் அதிகமாகச் சுரக்கும் தைராய்டுக்கும் இதே தாகம் உண்டு. நன்றாகத் தின்றுகொண்டே இளைத்துப்போனால் இந்த இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பாக்ஸ் சீக்கிரம் ஊறிவிடுகிறது, ஊறிய மண்ணில் கால் வைக்கப் பூனைக்குப் பிடிக்காது, வெளியே போகிறது. இங்கே குற்றம் பூனையுடையதும் அல்ல, லிட்டருடையதும் அல்ல.

மாறாக, கட்டி சுண்டைக்காய் அளவில் நாலைந்து இடத்தில் கிடந்தால், அடிக்கடி போய் உட்கார்ந்தால், கத்தினால், அது சிறுநீர்ப்பை. அழற்சியாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். இளம் பூனைகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிருமி இல்லாமலேயே வரும். வயதானவற்றில், அதுவும் சிறுநீரகம் தளர்ந்து சிறுநீர் நீர்த்துப்போனவற்றில், கிருமித் தொற்று கூடுதல். வலித்த இடம் பாக்ஸ் என்று பூனை மனதில் பதிந்துவிடும். மெத்தை, துணிக்குவியல் என்று மெத்தென்ற இடமாகத் தேடும். கடுவன் பூனை உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டு வரவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம், உயிர் போகிற விஷயம். நிறையப் பேர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஒருநாளை வீணாக்கிவிடுகிறார்கள்.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), சர்க்கரை, டி4 (தைராய்டு ஹார்மோன்), கூடவே சிறுநீர்ப் பரிசோதனை: இந்த இரண்டு பக்கத்தையும் பிரிக்கப் பெரும்பாலும் இவை போதும். தண்ணீரை 1 என்று வைத்து அளக்கும் சிறுநீரின் அடர்த்தி 1.035-க்குக் கீழே இருந்து கிரியாட்டினினும் ஏறியிருந்தால் மருத்துவர் சிறுநீரகத்தைத்தான் முதலில் பார்ப்பார். மிளகுக்கு அடர்த்தி குறைவு, கிரியாட்டினின் லேசாக ஏற்றம். சரி, ஆள் அகப்பட்டான் என்று நினைத்தேன். ஆனால் சிறுநீரகம் மட்டும் காரணமென்றால், பாக்ஸைச் சுத்தமாகவே வைத்திருந்த நாட்களிலும் ஏன் மிதியடி நனைந்தது?

இங்கேதான் மூட்டு வருகிறது. இதற்கு யாருமே வாக்களிக்கவில்லை. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த ஒரு ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. நாய் போலப் பூனை நொண்டிக் காட்டாது. பல நேரம் இரண்டு பக்கமும் சேர்ந்தே தேய்வதால் நடை கோணாது, வேகம்தான் குறையும். முன்பு ஒரே தாவலில் ஜன்னலுக்குப் போனவன், இப்போது நாற்காலி ஏறி, மேசை ஏறி, அப்புறம் ஜன்னல். முதுகின் பின்பக்கம் நாக்கு எட்டாமல் முடி சடை விழும். மிளகுக்கு இது எல்லாமே இருந்தது. ‘பெரிய மனுஷன் ஆயிட்டான், நிதானம் வந்திருச்சு’ என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்!

அவனுடைய பாக்ஸின் சுவர் 18 செ.மீ. உயரம். மண் வெளியே சிந்தக் கூடாது என்று நானே தேடி வாங்கியது. முன்னங்கால் உள்ளே போகும், பின்னங்கால் தூக்க வலிக்கும், திரும்பிவிடுவான். அதனால்தான் பக்கத்திலேயே போனான். இந்தத் தூரத்தைக் கவனியுங்கள். பாக்ஸை ஒட்டியே நனைந்திருந்தால், வர நினைத்து ஏற முடியாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். வேறு அறைக்குப் போய்ப் போகிறதென்றால் பாக்ஸ் மேலேயே வெறுப்போ பயமோ இருக்கலாம். எப்போதும் பொருந்தும் விதி இல்லைதான், ஆனால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய தகவல் இது. சிறுநீர் உள்ளே, மலம் மட்டும் வெளியே என்றாலும் மூட்டையே நினையுங்கள். அதற்குக் குந்தி உட்காரும் நேரம் அதிகம். உடம்பில் நீர் குறைந்து மலம் இறுகினாலும் அப்படி ஆகும்.

மூட்டு வலி என்றதும் வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கால்வாசி உடைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். கால்வாசியும் வேண்டாம்.

மறதியைக் கடைசியில் வைக்கிறேன். நடுராத்திரியில் காரணமில்லாமல் ஓலமிடுவது, சுவரைப் பார்த்து நிற்பது, தெரிந்த அறையிலேயே வழி தடுமாறுவது எல்லாம் சேர்ந்து வந்தால் மூளை தளர்கிறது என்று சந்தேகிக்கலாம். மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். ராத்திரி ஓலம் தைராய்டிலும் உண்டு, ரத்த அழுத்தத்திலும் உண்டு.

இனி மாற்றங்கள். பாக்ஸில் மூடி போட்டதற்கும் திறந்ததற்கும் எப்போதும் சண்டை. நம் மூக்குக்கு மூடி நல்லது. வயதான பூனைக்குத் திறந்ததே மேல். நீளம், பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து அதைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். கடையில் அந்த அளவு கிடைக்காவிட்டால் துணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பாவே போதும். ஒரு பக்கச் சுவரைத் தரையிலிருந்து 6 செ.மீ. விட்டு அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். மற்ற மூன்று சுவர் உயரமாகவே இருப்பதால் மண்ணும் சிந்தவில்லை.

லிட்டரில் என் ஓட்டு பொடியான பெண்டோனைட்டுக்குத்தான். குஜராத்தின் கட்ச்சில் தோண்டியெடுக்கும் களிமண் அது. தூசி உண்டு, தூக்கினால் இடுப்பு போகும், ஆனால் பாதத்துக்கு மெத்தென்று இருக்கும், கட்டியின் அளவும் தெரியும். சோயா சக்கையில் செய்யும் டோஃபு லிட்டர் லேசு, தூசி குறைவு. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கிறது. மரத்தூள் குச்சிகள் மலிவு, வாடையும் நன்றாக அடங்கும், ஆனால் தேய்ந்த மூட்டோடு அதன் மேல் நின்று பார்க்கச் சொன்னால் நானே மிதியடிக்குப் போவேன். ஆற்றுமணல் மென்மைதான், நாற்றத்தை மட்டும் பிடித்து வைக்காது. எதுவாக இருந்தாலும் பழையதைச் சட்டென்று தூக்கிப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். நான் அதையும் செய்யவில்லை.

துடைப்பதில் நம் வீடுகளில் போட்டியே இல்லாமல் ஜெயிப்பது பினாயில். பூனை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். பீனால் வகைகளைப் பூனையின் கல்லீரல் சரியாகக் கழிக்காது. தரையில் பட்டது பாதத்துக்கு, பாதத்திலிருந்து நாக்குக்கு. பிளீச்சிங் பவுடரும் சிறுநீரும் சேர்ந்தால் எரிச்சலூட்டும் வாயு கிளம்பும். என்சைம் கலந்த திரவம் விலை கூட, ஆனால் வாடையின் மூலத்தையே உடைக்கிறது. மனித மூக்குக்குப் போய்விட்ட வாடை, பூனைக்கு ‘இதுதான் இடம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

மிளகு இப்போது சிறுநீரக உணவிலும், மருத்துவர் எழுதிய வலி மருந்திலும் இருக்கிறான். அறுத்த டப்பாவுக்குள் முதல் நாளே போய்விட்டான். பூனைக்கு ஒன்று, உபரியாக ஒன்று என்ற கணக்கில் இரண்டாவது டப்பாவையும் அவன் அதிகம் நடக்க வேண்டாமென்று ஹாலில் வைத்திருக்கிறோம். விருந்தாளி வரும்போதெல்லாம் அம்மா அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு மறைக்கிறார். அவர்கள் கிளம்பியதும் முதல் வேலையாக ஸ்டூலை எடுத்துவிடுகிறவரும் அவரேதான்.