மெட்ஃபார்மின்: சர்க்கரை அடங்கியது, வயிறு அடங்கவில்லை

சர்க்கரை நோய்க்காக நெடுநாளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சர்க்கரை கட்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா காலையில வீட்டை விட்டுக் கிளம்பவே பயமா இருக்கு. பேசாம நிறுத்திடலாமா?" அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த மாத்திரை எதற்கு என்பது சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக வயிற்றுக்கே, அது தரும் பேதிக்கே வந்துவிடலாம்.

அதற்கு முன் அதன் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது மிக அரிது. எடையை ஏற்றாது, சிலருக்குச் சற்றுக் குறைக்கவும் செய்யும். 1998-ல் வெளியான யுகேபிடிஎஸ் என்ற பிரிட்டனின் சர்க்கரை நோய் ஆய்வில், இதைச் சாப்பிட்ட எடை கூடிய நோயாளிகளிடம் மாரடைப்பும் இறப்பும் குறைந்தன. இவ்வளவு காலம் தாக்குப்பிடித்து நிற்கும் சர்க்கரை மாத்திரைகள் சிலவே.

இனி வயிறு. சாதாரண மெட்ஃபார்மின் மாத்திரை சீக்கிரம் கரைந்துவிடும். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு மருந்து சிறுகுடல் சுவரில் சேர்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் சிறுகுடலிலேயே திரும்ப உறிஞ்சப்படுவது குறைந்து, மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே தண்ணீரை இழுக்கிறது. குடலை அசையச் செய்யும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அங்கே கூடுவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால்தான் இந்தப் பேதி தண்ணீராக, அவசரமாக, அடக்க முடியாமல் வருகிறது. கூடவே வாயு, குமட்டல், நாக்கில் உலோகச் சுவை, பசியின்மை.

இதில் பெரும்பங்கு தவிர்க்கக்கூடியது என்பதுதான் என் கோபம். எடுத்த எடுப்பில் 1000 மி.கி. இருவேளை என்று தொடங்கினால் குடல் ஒத்துக்கொள்ளாது. இரவு உணவோடு 500 மி.கி. ஒருவேளை தொடங்கி, ஒரு வாரம் பொறுத்து, காலை உணவோடு இன்னொரு 500 சேர்க்க வேண்டும். அதன் பிறகும் வாரத்துக்கு 500 என்றே ஏற்ற வேண்டும். எந்தப் படியில் வயிறு கலங்குகிறதோ, அதற்கு முந்தைய அளவுக்கு இறங்கி, அடங்கிய பிறகு மறுபடி ஏற வேண்டும். உணவுக்கு முன் வெறும் வயிற்றில் போடக் கூடாது. பாதிச் சாப்பாட்டில் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவது பலருக்கு நன்றாக ஒத்துவருகிறது. இப்படி ஏற்றினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும்.

அப்படியும் அடங்காவிட்டால் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று வரும் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. ஒரு நாளின் மொத்த அளவை மாற்றாமலேயே பொதுவாக இதற்கு மாறலாம். இரவு உணவோடு ஒரே வேளை, உச்ச அளவு 2000 மி.கி. சர்க்கரையைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வயிற்றுக்குத்தான் இது இதம். இதை நசுக்கவோ மெல்லவோ கூடாது, அப்படிச் செய்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சில நேரம் மாத்திரையின் கூடு மலத்தில் அப்படியே தெரியும். அது வெறும் கூடு, மருந்து உள்ளே போய்விட்டது, பயப்பட வேண்டாம். இவ்வளவு எளிய மாற்று இருப்பதையே ஒருவரும் சொல்லாததால், வருடக்கணக்கில் பேதியைச் சகித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட ஏமாற்றுவது தாமதமாக வரும் பேதி. அளவு மாறாமல் பல வருடம் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரெனத் தொடங்கும். மலப் பரிசோதனை, குடல் உள்நோக்கி என்று எல்லாம் பார்த்தும் எதுவும் சிக்காது. பழகிய மாத்திரை என்பதால் அதன் மேல் சந்தேகமே வராது. மருத்துவர் சொல்லி ஓரிரு வாரம் நிறுத்திப் பார்ப்பதுதான் சோதனை. அந்த நாட்களில் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்க வேண்டும். மாத்திரைதான் காரணம் என்றால் சில நாட்களிலேயே வயிறு தெளியும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் மாத்திரை மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள். சர்க்கரையில்லா இனிப்புகளில் உள்ள சார்பிடாலும், கூடவே தரப்படும் அகார்போஸ், வாக்ளிபோஸ் மாத்திரைகளும் இதே தொல்லையைத் தரும். கூட்டு மாத்திரைகளிலும் மெட்ஃபார்மின் இருக்கும். கிளிமிபிரைடு, வில்டாகிளிப்டின் போன்ற வேறு சர்க்கரை மருந்து சேர்ந்த மாத்திரையில், பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் எத்தனை மி.கி. என்று போட்டிருக்கும். தனி மாத்திரையோடு அதையும் கூட்டித்தான் மொத்த அளவைக் கணக்கிட வேண்டும்.

சத்தமில்லாமல் வருவது வைட்டமின் பி12 குறைபாடு. உணவிலுள்ள பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படக் கால்சியம் வேண்டும், மெட்ஃபார்மின் அங்கேதான் குறுக்கிடுகிறது. அளவும் வருடங்களும் கூடக் கூட வாய்ப்பும் கூடும். உடலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரிய வருடங்கள் ஆகும். பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், நாக்கில் புண் எல்லாம் வரலாம். பாத எரிச்சல் என்றதுமே "சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சி" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு கெடலாம், ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருப்பதை வைத்துத் தைரியமாக இருக்க முடியாது. பி12 அளவையே பார்க்க வேண்டும். தாவர உணவு மட்டும் உண்பவர்களும், ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை நெடுநாள் எடுப்பவர்களும் இன்னும் முன்னதாகவே பார்த்துவிடுவது நல்லது. குறைந்திருந்தால் மெட்ஃபார்மினை விட வேண்டியதில்லை, பி12 எடுத்துக்கொண்டால் போதும். நரம்புச் சேதம் முற்றிய பிறகு கொடுத்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

இந்த மருந்தால் அரிதாக ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தாகக் கூடுவதைப் பற்றிப் பயப்படுபவர்கள் பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை. மருந்து உருமாறாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு 30-க்குக் கீழே போனால் எடுக்கக் கூடாது, 45-க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும். கடும் வாந்தி பேதியில் உடல் வறண்டால் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி உடனே மருத்துவரிடம் கேளுங்கள். அயோடின் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கும்போது, இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேறு மாத்திரைக்குத் தாவினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. கிளிமிபிரைடில் தாழ்சர்க்கரையும் எடையேற்றமும் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகையில் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும், அரிதாகச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தாகக் கூடும். பயோகிளிட்டசோனில் கால் வீக்கம்.

இத்தனை புகழ்ந்த பிறகும் என் தீர்ப்பு இதுதான்: சாதாரண வகையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எஸ்.ஆர். என்றால் தாராளமாகச் சொல்வேன். மருந்தட்டையை வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். கம்பெனி மாற்றிக் கொடுக்கும்போது சாதாரண வகை கைக்கு வந்துவிட்டால், பேதி திரும்பிய பிறகுதான் தெரியும்.