செட்டில்மென்டா, வங்குரோத்தா? அமெரிக்கக் கடனும் வன்னிக் காணியும்

வன்னியில் கடனைத் தள்ளுபடி செய்தால் கதை அதோடு முடிந்துவிடும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் எடுத்து நிலுவையில் நின்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் லோன்காரர் இனி வராவிட்டால் போதும் என்பதுதான் அப்போதைய கவலை. தள்ளிய காசுக்கு வருமான வரி கட்டவேண்டுமா என்று கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா போனவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே வங்கி விட்டுக்கொடுத்த கடன் உங்கள் வருமானம். கடன் வாங்கியபோது திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள், அதனால் வரி இல்லை. இப்போது திருப்பித் தரத் தேவையில்லை என்றாகிவிட்டது, அப்படியென்றால் அது வரவு. நியாயம் அவ்வளவுதான். தள்ளிய அசல் 600 டொலரோ அதற்கு மேலோ என்றால் வங்கி 1099-சி என்ற படிவத்தை உங்களுக்கும் வரித் திணைக்களமான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் அனுப்பவேண்டும். 600க்குக் குறைந்து படிவம் வராவிட்டாலும் சட்டம் அதையும் வருமானமாகவே பார்க்கிறது. (கனடாவில் இருப்பவர்கள் பயப்படவேண்டாம். சொந்தச் செலவுக்கு வாங்கிய கடனை அங்கே தள்ளினால் பொதுவாக அது வருமானமாகாது. ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி நியூ ஜேர்சியில் காரியம் பார்க்கக்கூடாது.)

சரி, கடனட்டையில் 18,000 டொலர் ஏறிவிட்டது, கட்ட வழியில்லை. முன்னால் நான்கு வழிகள்.

கண்ணை மூடிக்கொண்டு இருப்பது முதலாவது. கிட்டத்தட்ட ஆறு மாதம் கட்டாவிட்டால் வங்கி அதை வாராக்கடன் என்று தன் புத்தகத்தில் எழுதும். அது தள்ளுபடி ஆகாது. கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்பார்கள், வழக்குப் போடுவார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள். சில வருடம் கழித்து 1099-சி வேறு வரும். நீங்கள் வீடு மாறியிருந்தால் உங்கள் பிரதி பழைய விலாசத்துக்குப் போகும், ஐ.ஆர்.எஸ்.ஸின் பிரதி மட்டும் சரியாகப் போய்ச் சேரும். இதை ஒரு வழி என்று சொல்வதே கூடுதல்.

லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை நிலையம் மூலம் தவணைத் திட்டம் போடுவது இரண்டாவது. வட்டியைக் குறைப்பார்கள், அசலை மூன்று முதல் ஐந்து வருடத்தில் முழுதாகக் கட்டவேண்டும். அசலில் எதுவும் தள்ளப்படாததால் வரிப் பேச்சும் இல்லை. நிலையான வேலை உள்ளவருக்கு இதுவே நல்லது என்பேன். ஆனால் மாதாமாதம் ஊருக்கும் காசு அனுப்பிக்கொண்டு ஐந்து வருடம் இழுத்துப் பிடிப்பது லேசில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

செட்டில்மென்ட் என்றால், 18,000க்கு 7,000 தாருங்கள், மிச்சத்தை விடுகிறோம் என்று ஒத்துக்கொள்வது. கேட்கும்போது 11,000 லாபம். கொஞ்சம் பொறுங்கள். இடையில் ஒரு நிறுவனம் நின்று பேசித் தந்தால் அவர்களிடம் பேசக் கொடுத்த கடனில் 20 விழுக்காடு வரை கேட்பது சாதாரணம்: 3,600. தள்ளிய 11,000 உங்கள் வருமானத்தோடு சேரும். 22 விழுக்காட்டு வருமான வரிப் படிநிலையில் இருப்பவருக்கு வரி 2,420. மொத்தம் 13,020. மாநில வரி தனி. வங்கியோடு நீங்களே நேரே பேசினால் அந்த 3,600 மிச்சம். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.

அந்த வரியைக் குறைக்கச் சட்டமே ஒரு கதவு வைத்திருக்கிறது. கடன் தள்ளப்படுவதற்குச் சற்று முன், உங்கள் மொத்தக் கடன் மொத்தச் சொத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் வரைக்கும் வரி இல்லை. 982 என்ற படிவத்தை வரிக்கணக்கோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். தானாக யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.

ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடன்கள்: அட்டை 18,000, கார் லோன் 9,000, ஆஸ்பத்திரி பில் 3,000, மொத்தம் 30,000. சொத்துகள்: கார் 11,000, வங்கியில் 1,200, ஓய்வூதியக் கணக்கில் 6,000, வீட்டுச் சாமான் 1,500, மொத்தம் 19,700. கடன் 10,300 கூட. ஆக, தள்ளிய 11,000இல் 700க்கு மட்டும் வரி: 154 டொலர். அருமை.

ஆனால் கிளிநொச்சி முரசுமோட்டையில் அவர் பெயரில் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அதை அவர் எழுதவில்லை. ஊரில் கிடக்கிற காணிதானே, அம்மாதானே விதைக்கிறார் என்ற நினைப்பு. சட்டம் எல்லாச் சொத்தையும் எழுது என்கிறது, அது இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் இருந்தாலும்தான். முப்பது லட்சம் ரூபா பெறும் என்றும், டொலருக்கு 300 ரூபா என்றும் வைத்துக்கொண்டால் 10,000 டொலர். சொத்து இப்போது 29,700. வித்தியாசம் வெறும் 300. வரிக்கு உட்படுவது 10,700, வரி 2,354. ஒரு வயலால் கணக்கு தலைகீழாகிறது.

இதில் வன்னிக்காரருக்கு மட்டும் வருகிற சிக்கல்கள் உண்டு. உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. உறுதிக் காணியின் விலையை அதற்கும் போட்டு வீணாக வரி கட்டத் தேவையில்லை. இன்றைக்கு என்ன பெறும் என்பதுதான் கேள்வி. அப்பாவின் காணியை இன்னும் பிரிக்கவில்லை என்பதும் சாட்டாகாது. அவர் இறந்து உங்களுக்குப் பங்கு வந்திருந்தால், பிரிக்காத முதுசப் பங்கும் சொத்துத்தான். மறுபக்கம், எடுத்த சீட்டுக்கு இனிக் கட்டவேண்டிய தவணையும், தம்பியிடம் வாங்கிய கைமாற்றும் உண்மையான கடன்களே. கடன் பக்கத்தில் அவற்றையும் எழுதலாம். வாய்ப்பேச்சு போதாது, காசு போய்வந்த வங்கிப் பதிவாவது கையில் இருக்கவேண்டும்.

கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் மனுப் போடும் வங்குரோத்துக்கு வருவோம். நீதிமன்றம் தள்ளிய கடனுக்கு வருமான வரி இல்லை. சொத்துக் கணக்கும் இந்த வரிக்காகப் போடத் தேவையில்லை, 982இல் வேறு கட்டத்தில் அடையாளமிட்டால் சரி. வங்குரோத்துச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தின் (சாப்டர் 7) கீழ் போவதற்கு நீதிமன்றக் கட்டணம் 338 டொலர், சட்டத்தரணிக்குத் தனி. வரியை மட்டும் பார்த்தால் இதுதான் வெல்கிறது. எதுவும் இல்லாதவருக்கு நான் இதையே சொல்வேன்.

காணி இருப்பவருக்குத்தான் இது பொல்லாதது. செட்டில்மென்டில் காணி வரியைக் கூட்டும், அவ்வளவுதான். வங்குரோத்தில் காணியே கேள்விக்குள்ளாகும். சொத்து உலகில் எங்கே இருந்தாலும் அது நீதிமன்றத்தின் பொறுப்புக்குள் வருகிறது, சட்டம் விலக்கிய அளவு போக மிச்சத்துக்கு வழக்கின் சொத்துகளைப் பொறுப்பெடுக்கும் அறங்காவலர் பதில் கேட்பார். மறைத்தால் குற்றவழக்கு. அவசரமாக அக்காவின் பெயருக்கு நன்கொடை உறுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று ஊரில் யோசனை சொல்ல ஆள் இருக்கும். முந்திய இரண்டு வருடத்துக்குள் செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம், சில மாநிலச் சட்டங்கள் இன்னும் பின்னுக்கும் போகும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மனுப் போட்ட 180 நாளுக்குள் ஊரில் யாரும் இறந்து பரம்பரைச் சொத்து உங்களுக்கு வந்தால், அதுவும் வழக்குக்குள் போகும். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மனுப் போடுவதா என்பதைச் சட்டத்தரணியிடம் வாய்விட்டே கேட்கவேண்டும்.

கடன் பதிவேட்டில் செட்டில்மென்ட் ஏழு வருடம் நிற்கும், ஏழாம் அத்தியாயம் பத்து வருடம். வீடு வாங்க நினைப்பவருக்கு அந்த மூன்று வருடம் பெரிது, மற்றவர்களுக்கு அப்படியில்லை.

இரண்டையும் கலக்க நினைப்பவர்கள் வரிசையைக் கவனிக்கவேண்டும். முதலில் செட்டில் பண்ணி, 1099-சி வந்து, அந்த வரியைக் கட்ட முடியாமல் அப்புறம் வங்குரோத்துக்குப் போனால், அட்டைக் கடன் போகும், அண்மைக்கால வருமான வரி போகாது. அங்கேதான் பலர் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள்.

ஆகவே பெயரில் பெறுமதியான காணி உள்ளவர் செட்டில்மென்ட் பக்கம் போகட்டும்; பேச்சு முடிந்த அன்றே வரிக்காசை ஒதுக்கிவைக்கட்டும். பல அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அது தள்ளப்பட்ட நாளில் தனித்தனியாகச் சொத்தும் கடனும் பார்க்கவேண்டும். அதற்கு அந்தத் திகதிக்குக் கிட்டிய காணி மதிப்பீட்டுக் கடிதம் ஒன்றைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு மதிப்பீட்டாளரிடம் இப்போதே எடுத்து, உறுதியின் அல்லது பெர்மிட்டின் பிரதியோடு வரிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து ஐ.ஆர்.எஸ். கடிதம் வந்தபிறகு அன்றைய விலையை யாரிடம் கேட்பது?