வரலாற்றுப் போர் நடிப்புக் குழுவில் சேரப் போகிறீர்களா? முதலில் விதிமுறைப் பிரதியைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நம்மாட்கள் யாராவது, வார இறுதிகளில் பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுவில் சேர நினைத்தால், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குழுவின் பெயர் வேண்டாம்.

1642இல் மன்னர் சார்லஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போர்தான் எங்கள் குழுவின் காலம். முதல் வருடம் ஈட்டி பிடித்தேன். 16 அடி நீளம். காற்றடித்தால் அது நம்மை இழுத்துக்கொண்டு போகும். பிறகு திரித்துப்பாக்கிக்கு மாறினேன். வெடியுப்பில் ஊறிய திரி இரண்டு முனையிலும் புகையும், மார்பின் குறுக்கே வெடிமருந்து நிரப்பிய மரக்குப்பிகள் ஆடும். சுட்டதும் அப்படியே தீபாவளிக் காலை வாசம். "நாற்பது வயசுல பொட்டு வெடியா?" என்று வீட்டம்மா கேட்டதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது.

உடை, காலணி, துப்பாக்கி எல்லாம் என் காசு. குழுவுக்கென்று வாங்கிய கூடாரத்துக்கும் 300 பவுண்டு கொடுத்தேன், ரசீது வாங்காமல். என் முட்டாள்தனம்.

ஒரு கோட்டையில் நிகழ்ச்சி நடத்தினோம். அதற்கு வந்த தொகை கணக்கில் எங்கே என்று ஆண்டுக் கூட்டத்தில் கேட்டேன். பொருளாளர் சிரித்தார், பேச்சு மாறியது. ஒன்பதாம் நாள் நாலு வரி மின்னஞ்சல்: குழுவின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தேனாம், நீக்கிவிட்டார்களாம். என்ன செய்தேன், புகார் சொன்னது யார், ஒன்றும் இல்லை. அன்றிரவே வாட்ஸ்அப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். மேல்முறையீடு செய்தால் விசாரிப்பது என்னை நீக்கிய அதே மூன்று பேர். அதில் ஒருவர் அந்தப் பொருளாளர்!

இப்படிச் செய்ய முடியுமா என்று தேடினேன். இத்தகைய சங்கங்களில் விதிமுறைதான் உறுப்பினர்களுக்குள் ஒப்பந்தம். 1879லேயே ஒரு லண்டன் கிளப், குற்றச்சாட்டைச் சொல்லாமல், சரியாக விசாரிக்காமல் லபூஷேர் என்பவரை நீக்கியபோது நீதிமன்றம் தடை போட்டது. 1952இல், திருவிழாக்களில் ராட்டினம் போடுகிறவர்களின் சங்கம் தன் விதிக்குத் தப்பர்த்தம் செய்து ஒருவரை வெளியேற்றியது, அதுவும் செல்லவில்லை. சட்டம் நம் பக்கம்தான். ஆனால் 300 பவுண்டுக்காக வக்கீல் வைத்தால் வக்கீலுக்கே அதைவிட அதிகம் போகும்.

இதில் மறைந்திருக்கும் அடி இன்னொன்று. காப்பீடு உறுப்பினர்களுக்கு மட்டும்தான். அது இல்லாதவரைக் களத்தில் சுட விடமாட்டார்கள். ஷாட்கன் சான்றிதழ் (இந்த வகைத் துப்பாக்கி வைத்திருக்கப் போலீஸ் தரும் உரிமம்) எடுத்து வாங்கிய துப்பாக்கி இப்போது இரும்பு அலமாரியில் தூங்குகிறது.

அதனால் சேருமுன் கேளுங்கள்: நீக்கும் விதி என்ன சொல்கிறது, மேல்முறையீட்டை வேறு ஆட்கள் கேட்பார்களா, பொதுச் சாமான் யார் பெயரில் இருக்கிறது. விதிமுறையைக் காட்டத் தயங்கினால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

போன மாதம் அவர்கள் முகநூலில் போட்ட படத்தில் அந்தக் கூடாரத்தைப் பார்த்தேன். வாசல் துணியில் நான் போட்ட கோணல் தையல் தெளிவாகத் தெரிகிறது.