கரைத்துவிடலாம் என்றார்கள், கரையவில்லை: முகத்தில் ஃபில்லர் போட நினைப்பவர்கள் கவனத்துக்கு

இரண்டு மாதச் சம்பளம். அதை வாங்கிக்கொண்டு என் முகத்துக்குள் எதைச் செலுத்தினார்கள் என்று இன்றுவரை அவர்கள் சொல்லவில்லை. கை நடுங்கும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்த நாற்காலியில் அடுத்தவர் போய் உட்காருவதற்குள் இதைப் பதிந்துவிட வேண்டும். என்னென்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ‘முன்’, ‘பின்’ என்று படங்கள் போட்டு விளம்பரம் செய்யும் அழகுச் சிகிச்சை நிலையம். வெள்ளைக் கோட்டு அணிந்த பணியாளர்கள், சுவர் நிறையச் சட்டமிட்ட சான்றிதழ்கள். ஃபில்லர் என்பது தோலுக்கடியில் ஊசியால் செலுத்தி மடிப்பை நிரப்பும் பொருள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பைச் சற்று மென்மையாக்கிக்கொள்ளத்தான் போனேன். ‘உடம்பு சரியில்லையா?’ என்று பார்ப்பவரெல்லாம் கேட்பது அலுத்துப்போயிருந்தது.

நான் எதுவும் கேட்காமல் உட்காரவில்லை. என்ன மருந்து, எவ்வளவு காலம் நிற்கும், பிடிக்காவிட்டால் என்ன வழி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆலோசகர் என்று அறிமுகமான பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, இது ஹையலூரோனிக் அமிலம். நம் தோலிலேயே இருப்பதுதான். பிடிக்கவில்லை என்றால் ஒரே ஊசியில் கரைத்துவிடலாம். என் அம்மாவுக்கே போட்டிருக்கிறோம், உங்களுக்கு என்ன பயம்?” என்றார். அந்தக் கணத்தில்தான் சம்மதித்தேன். வயிறு எரிவதற்குக் காரணமும் அதுதான், ஏனென்றால் அவர் சொன்ன மருத்துவத் தகவல் பொய் இல்லை. ஹையலூரோனிக் அமில ஜெல்லை ஹையலூரோனிடேஸ் என்ற நொதி உண்மையாகவே கரைக்கும். அந்த உண்மையைச் சொல்லி நம்பவைத்துவிட்டு, வேறெதையோ ஏற்றியிருக்கிறார்கள்.

முழுத் தொகையையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். உள்ளே போனால், உறை பிரித்த, மேலே ஒரு எழுத்துகூட இல்லாத சிரிஞ்சு தட்டில் தயாராக இருந்தது. பெட்டியைக் காட்டுங்கள் என்றேன். “சிகிச்சை அறைக்குள் அட்டைப்பெட்டி கொண்டுவரக் கூடாது அக்கா, பில்லோடு சேர்த்துத் தருகிறோம்” என்றார்கள். தரவே இல்லை.

வீக்கம் வடிந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் கடினமான முடிச்சுகள். சிரித்தால் இடப்பக்கம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. தொலைபேசியில் அழைத்தேன். “வீக்கம்தான் மேடம், வடிந்துவிடும்.” மறுபடி அழைத்தேன். “நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள் மேடம்.” அதற்கடுத்து, டாக்டர் வெளியூரில் இருக்கிறார். அப்புறம் மாநாட்டில் இருக்கிறார். படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான குறி விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் போய் நின்றால், கையைப் பிடித்துப் பேசிய அதே பெண் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “உங்கள் உடல்வாகு அப்படி மேடம்” என்கிறார். கரைத்துவிடுங்கள் என்றதற்கு, அதற்குத் தனிக் கட்டணமாம்! இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கியவர்கள் கேட்கிறார்கள்.

அங்கே இனி ஒரு ஊசியும் வேண்டாம் என்று முடிவுசெய்து, வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டு, ஹையலூரோனிடேஸ் செலுத்திப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. பிறகு அல்ட்ராசவுண்டில், ஹையலூரோனிக் ஜெல் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் பனி பெய்ததுபோல வெள்ளையாகப் பரவியிருந்தது. சிலிகோன் எண்ணெய் இருந்தால் இப்படித்தான் தெரியும் என்றார். முகச் சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் ஊசி தவறிப்போனால்கூட மூன்று நான்கு மாதங்களில் அதன் வேலை தானாகத் தணிந்துவிடும். இது தணியாது, கரையாது. அறுவை சிகிச்சையால்கூட முழுவதும் எடுப்பது கடினமாம். ஊசி மட்டும் போதும், கத்தியே வேண்டாம் என்று தேடிப் போன என்னிடம் இப்போது கத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த அறிக்கையோடு பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நான் கையெழுத்திட்ட படிவத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் ‘ஃபில்லர்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த வகை, யார் தயாரிப்பு, என்ன லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண்), எதுவும் இல்லை. பொருளின் பெயரே இல்லாத படிவத்தில் எதற்குச் சம்மதம் வாங்கினார்கள்? சமாதானமாக ஒரு ஃபேஷியல் இலவசமாகச் செய்து தருகிறார்களாம். இரண்டு மாதச் சம்பளத்துக்கும் என் முகத்துக்கும் ஈடாக ஒரு ஃபேஷியல்!

விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனம் நிதானத்தில் இல்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முத்திரையிட்ட பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டி, இன்னொன்றைக் கையில் வாங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி போடுபவர் மருத்துவரா என்று பதிவு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். ஹையலூரோனிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசியில்லாத பேனா என்று ஒன்றை வைத்து ஃபில்லர் செலுத்துகிறார்கள்; அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 இலேயே அதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது, பக்கத்திலேயே போகாதீர்கள்.

போட்ட இடம் திடீரென்று வெளுத்தால், வலை விரித்ததுபோல நீலம் பாரித்தால், வலி கூடிக்கொண்டே போனால், ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்திருக்கலாம். கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தொலைபேசியில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.