மணிக்கு எந்த வீடு?

மணிக்குப் பத்து வயதாவது இருக்கும் என்றார், பல்லைப் பார்த்த கால்நடை டாக்டர். மூக்கைச் சுற்றி நன்றாக நரைத்துவிட்டது. ஆனாலும் காலை ஐந்து மணிக்கு மொசைக் தரையில் நகம் டக்டக்கென்று கேட்கும்; கண்ணைத் திறந்தால், என் செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலோரம் நிற்பான். ஓட்டத்துக்குப் பேர்போன சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு. யாரோ வளர்த்து, நெடுஞ்சாலை ஓரம் விட்டுவிட்டுப் போன நாய். ஐந்து மாதமாக என்னிடம் இருக்கிறான். என் வீட்டுப் பூனையைக் கண்டால் அவனுக்கு ஆகவே ஆகாது என்பதால் நிரந்தரமாக ஒரு வீடு தேடுகிறேன்.

காப்பகத்தில் விடலாமே என்று பலர் சொன்னார்கள். 1959 முதல் சென்னையில் இருக்கும் புளூ கிராஸ் போன்ற இடங்கள் அடிபட்ட, நோயில் விழுந்த விலங்குகளுக்கானவை. ஓடியாடும் நாயை அங்கே விட்டால், காலொடிந்து வரும் ஒன்றின் இடத்தை அவன் பிடித்துக்கொள்வான். அதனால் அந்த வழியை விட்டுவிட்டேன். மூன்று பேர் கேட்டு வந்தார்கள்.

முதலில் செங்கல்பட்டுப் பக்கம் நான்கு ஏக்கர் தோப்பு. கேட்டவுடன் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இந்தக் காலுக்கு அந்த இடம்தான் சரி என்று தோன்றியது. நேரில் போய்ப் பார்த்தேன். உரிமையாளர் வார இறுதியில்தான் வருவார். மற்ற நாளெல்லாம் காவல்காரர் மட்டும். கோழிகள் மேய்வதால் பகலில் நாயைக் கட்டித்தான் போடுவார்களாம். மாமரத்தடியில் ஏற்கெனவே கட்டியிருந்த நாயைச் சுற்றி, சங்கிலி எட்டும் தூரம் வரைக்கும் மண் வட்டமாகத் தேய்ந்து கிடந்தது. நாயை நடக்கவிடாமல் எப்போதும் சங்கிலியிலேயே கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், நான்கு ஏக்கர் இருந்து மணிக்கு என்ன பயன்? அவன் ஓடுவதே ஒரு ஆள் தன்னோடு வருகிறார் என்ற சந்தோஷத்தில். தவிர, தோப்பில் கண்ணாடி விரியன் நடமாட்டம் உண்டு என்று காவல்காரரே சொன்னார். கடித்தால் விஷமுறிவு மருந்துக்கு எவ்வளவு தூரம் ஓடுவது?

அடுத்தது சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒன்பதாவது மாடி, வேலைக்குப் போகும் இளம் தம்பதி. மாடியைப் பார்த்து நான் மறுக்கவில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போனால் சின்ன ஃபிளாட்டே தாராளம். குடியிருப்போர் அசோசியேஷன் நாய் கூடாது என்று தீர்மானம் போட்டாலும் செல்லாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது; விலங்குகள் நல வாரியம் 2015இலேயே அதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. பிரச்சினை நேரம்தான். பத்து மணி நேரம் வீடு பூட்டியிருக்கும். வயதான நாயால் அவ்வளவு நேரம் சிறுநீரை அடக்க முடியாது, தெம்பு மிச்சமிருந்தால் கதவைச் சுரண்டும். அந்தப் பெண் நல்ல மனசுக்காரி. "வாரத்துல மூணு நாள் வீட்டிலிருந்தேதான் வேலை" என்றாள். அது எத்தனை நாள் நீடிக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது அயனாவரத்தில் தரைத்தள வீடு. போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது. தினமும் காலையும் மாலையும் நடக்கிறார். வீட்டில் எப்போதும் ஆள் உண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்விடலாம்; இந்த வயதில் உண்ணிக் காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு என்று எப்போது வேண்டுமானாலும் ஓட வேண்டி வரும். எனக்கு இருந்த பயம் வேறு. மணி இழுத்தால் இளவட்டமே தடுமாறும்; பெரியவர் விழுந்துவிட்டால்? கழுத்துப் பட்டையைக் கழற்றி, நெஞ்சில் கொக்கி வைத்த பாடி பெல்ட் போட்டு அவர் கையிலேயே கொடுத்து, தெருமுனை வரை பின்னாலேயே போனேன். இழுத்தபோதெல்லாம் அவர் நின்றுவிட்டார். நான்காவது தடவை மணியும் நின்று திரும்பிப் பார்த்தான்.

"சார், உங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போனா?" என்று கேட்டேன். சங்கடமான கேள்விதான், ஆனால் கேட்காமல் கொடுக்கக் கூடாது. "அதுக்குத்தான் தம்பி, பையனையும் உட்கார வச்சிருக்கேன்" என்றார். பையன் கொளத்தூரில் இருக்கிறான். தேவைப்பட்டால் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அயனாவரம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். முதல் மூன்று வாரம் பழகிப் பார்க்க. சரிவராவிட்டால் வருத்தமில்லாமல் திருப்பிக் கூட்டி வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுகிறேன். அவன் படுக்கும் பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். பழகிய வாசனை இருந்தால் முதல் ராத்திரி கொஞ்சமாவது தூங்குவான்.